இரண்டாவது சாக்கெட்

என் அண்ணன் சுதாகர் போளூர் ரோட்டில் லாரி மோதி இறந்தான். போனும் அவனோடு நொறுங்கியது. அவன் அம்மாவுக்கு விட்டுப்போனவை: இரண்டு ஜீன்ஸ், நான், சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு சர்வர் மதர்போர்டு.

வீட்டுப் போன்களில் இருந்த பேச்சு, வீடியோ எல்லாவற்றையும் அவன் அந்த சர்வரில்தான் கொட்டி வைத்திருந்தான். போன்களில் இடம் அடைக்கிறதாம், அங்கே அழித்துவிட்டான். பாதுகாப்புக்கென்று டிஸ்க்கைப் பூட்டி, சாவியை அந்த போர்டிலிருக்கும் ஒரு சிப்பில் வைத்தான். வேறெதில் செருகினாலும் டிஸ்க் வாயைத் திறக்காது. பாதுகாப்பு பலம்தான். அவன் குரலை நாங்களே கேட்க முடியவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். "'எம்மா, சோறு போடு'ன்னு கத்துவான் இல்ல? அத ஒரு தரம் கேக்கணும்டா."

ஆயுத பூஜை லீவு அன்று மாலை போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான்.

அண்ணனின் நண்பர் ஜோசப்ராஜ் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அதன்பின் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பவர் சப்ளை மாற்றினோம். பேட்டரி மாற்றினோம். மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். போர்டு அசையவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவர் கேட்டார்: "இதுல ரெண்டு பிராசஸர் போடலாம். ஒண்ணுதான் இருக்குது. இன்னொரு சாக்கெட்ட தொறந்து பாத்தியா?"

"அது காலிண்ணா. உள்ள என்னா இருக்கப் போவுது?"

"மூணு வாரமா பேசிகினுதான் கீற. தொறடா."

பிளாஸ்டிக் மூடி, குங்குமச் சிமிழ் மூடி போலவே இருக்கும். அவரே திறந்தார். மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான கம்பிகள். நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். கம்பிகள் மிதிபட்ட நாற்று போலப் படுத்திருந்தன. ஓரமெல்லாம் கருகல்.

"சாவு நடந்த வருசம் நீங்க பண்டிக செய்ய மாட்டீங்களே?"

"மாட்டோம்ணா."

தெருவில் கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டில் தறிக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. அண்ணனின் போர்டுக்கு மட்டும், யார் கண்ணிலும் படாமல், மூடியைத் திறந்து பொட்டு வைத்து மூடியிருக்கிறாள். வீட்டில் என்னை விட்டால் அம்மாதான். காலையில் அவள் ஈரச் சந்தனம் வைத்தாள், மாலையில் நான் கரண்ட் கொடுத்தேன். ஆளுக்குப் பாதி.

"சாவி வச்ச அந்த சிப்பு?"

"அதுவும் வெந்துடுச்சு. இனிமே அந்த டிஸ்க்க யாராலயும் தொறக்க முடியாதுடா."

அம்மா டீயோடு வந்தாள். ஜோசப்ராஜ் மூடியைப் பட்டென்று மூடினார்.

"என்னா ஜோசப்பு, பேசுதா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நான்தாம்மா ஒயர மாத்தி சொருவிட்டேன்" என்றேன். "எரிஞ்சிடுச்சு. இனிமே வராது."

டீத் தட்டை நிதானமாகக் கீழே வைத்தாள். பிறகு என் முதுகில் அறைந்தாள்.

"ஜோசப்பு வரட்டும்னு சொன்னனே, கேட்டியாடா? எம்புள்ள கொரல கொளுத்திட்டியேடா பாவி!"

அண்ணனைத் தூக்கிப்போன அன்றுகூட அவள் அழவில்லை. இப்போது அடித்துக்கொண்டே அழுதாள்.

"எம்மா, அவன் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார் ஜோசப்ராஜ்.

அவர் காலை அழுத்தி மிதித்தேன். அம்மாவின் கை ஓயும்வரை எடுக்கவில்லை.