வெர்னாவின் கறுப்புக் கோலி

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை. வெர்னா என்னிடம் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இது உன்னோட இருக்கட்டும்" என்றாள்.* நானும் தலையாட்டினேன். இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழில் எழுதினால் ஒஹாயோவின் இந்தச் சோயா வயல்களுக்கு நடுவே ஒருவருக்கும் படிக்கத் தெரியாது என்பது என் தைரியம். தைரியம் என்பது தவறான சொல். என் கோழைத்தனத்துக்கு வசதியான ஒரு மொழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

(* எழுபத்தேழு வயதுக்காரியை 'என்றாள்' என்று எழுதுவது மரியாதையில்லை. 'என்றார்' போட்டுப் பார்த்தேன். இருபது வயது வெர்னா கதைக்குள் வர மறுத்துவிட்டாள்.)

2

"1912ஆம் ஆண்டு, ஒன்பது மாணவிகள் கல்லூரியின் இசை வகுப்பறையில் கூடி, ஆயுள் முழுதும் ஒருவருக்கொருவர் சகோதரிகளாக இருப்போம் என்று…"

இது என் முதல் தொடக்கம். அடித்துவிட்டேன். இப்படித் தொடங்க வேண்டியது வெர்னா. எங்கள் சிறிய கல்லூரியில் அந்த மாணவிகள் சங்கத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு வயது. மூன்று கிரேக்க எழுத்துகள் அதன் பெயர், வெள்ளைத் தூண்கள் வைத்த செங்கல் வீடு அதன் இருப்பிடம். இந்த வருடம் உறுப்பினர்கள் ஐந்தே பேர். சங்கத்தின் தேசியத் தலைமையகம், இங்கே கிளை நடத்தக் கொடுத்த அனுமதிச் சாசனத்தைத் திரும்பக் கேட்டுவிட்டது. மே மாதம் கடைசி விருந்து. வருகிறவர்களுக்குக் கொடுக்க இருபது பக்கத்தில் ஒரு வரலாறு வேண்டும். படித்த காலத்தில் வெர்னாதான் சங்கத்தின் வரலாற்றுச் செயலர். அதனால் அவள் தலையில் விழுந்தது. கல்லூரியின் ஆவண அறையில் வேலை பார்ப்பதால் தட்டச்சு என் தலையில்.

சங்கத்தின் இப்போதைய தலைவி மெக்கென்னா, வயது இருபத்தொன்று, ஒருநாள் எட்டிப்பார்த்தாள்.

"வெர்னா, சோகமா எழுதிடாதீங்க, ப்ளீஸ். பழைய ஹேர்ஸ்டைல் போட்டோவெல்லாம் நிறையப் போடுங்க."

"சாவு வீட்டுல ஹேர்ஸ்டைலா?"

"அதான் சொல்றேன். சாவு வீடுன்னெல்லாம் எழுதாதீங்க!"

வெர்னா சிரித்தாள். ஆண்டுவாரியாக விறுவிறுவென்று எழுதிக்கொண்டே வந்தாள். 1967 வந்ததும் அவள் பென்சில் நின்றது.

3

இங்கே எனக்கு ஒரு மொழிச் சிக்கல். அவர்கள் மொழியில் உடன்பிறந்தவளுக்கு ஒரே சொல். மூத்தவளா இளையவளா என்று காட்ட முன்னால் 'பெரிய', 'சின்ன' என்று ஒட்டுவார்கள். சங்கத்தில் சேர வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு 'பெரியவளை' நியமிப்பார்கள். தமிழில் ஒட்டவேண்டிய வேலையே இல்லை. அக்கா, தங்கை. அதுதான் சிக்கல். அந்தச் சொற்களுக்குள் இருக்கும் ஒட்டுதல் இந்தக் கதைக்கு அதிகம். ஏனென்றால் கொரீனுக்கு அக்காவாக நியமிக்கப்பட்டவள் வெர்னா.

கொரீன் கறுப்பினப் பெண். அந்த வீட்டில் சேர அப்படி ஒரு பெண் வந்தது அதுவே முதல்முறை. அவள் பியானோ வாசித்தால் தெருவில் போகிறவர்கள்கூட நின்று…

[இல்லை. பியானோ நான் சேர்த்தது. தள்ளப்பட்டவள் திறமைசாலியாக இருந்தால்தான் உங்களுக்கு வலிக்கும் என்று நினைத்துவிட்டேன். மன்னியுங்கள்.]

கொரீன் சுமாராகப் படிப்பாள். எங்கேயும் தாமதமாகத்தான் வருவாள். வெர்னாவின் ஸ்வெட்டரைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வாள். வெர்னாவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

4

புதியவர்களைச் சேர்க்க வாக்கெடுப்பு. ஓட்டை போட்ட ஒரு மரப்பெட்டி. ஒவ்வொருத்தி கையிலும் வெள்ளைக் கோலி ஒன்று, கறுப்புக் கோலி ஒன்று. மூடிய கையை உள்ளே விட்டு ஒன்றைப் போடவேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பெண் சேர முடியாது.

அதற்கு முந்தைய வாரம் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. 'மரபுக்குப் பொருந்தாத தேர்வுகள்' சாசனத்தைப் பாதிக்கலாம் என்று மட்டும் இருந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். இருபத்துமூன்று வெள்ளை, ஒரு கறுப்பு.

வீடே அழுதது. வாசற்படியில் காத்திருந்த கொரீனிடம் செய்தி சொல்லப் போனவள் வெர்னா. அக்கா இல்லையா?

"யாரு போட்டான்னு தெரியல கொரீன். சத்தியமா தெரியல."

"அழாத வெர்னா. நீ எனக்காக நின்ன. எனக்குத் தெரியாதா?"

தன் கைக்குட்டையை எடுத்து வெர்னாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள் கொரீன். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைய குறிப்பேட்டில் வரலாற்றுச் செயலர் எழுதியது ஒரே வரி: 'செல்வி கொரீன் தம் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்.' அழகான கையெழுத்து. நான் பார்த்தேன்.

அதன் பிறகு ஐம்பத்தேழு கிறிஸ்துமஸ். ஐம்பத்தேழு வாழ்த்து அட்டைகள். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே கையொப்பம்: உன் தங்கை, கொரீன்.

"நாந்தான் போட்டேன்" என்றாள் வெர்னா, ஆவண அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. "சங்கம் பிழைக்கணும்னு போட்டேன். அத்தன பேரோட வீடு. ஒருத்திக்காகப் போயிடுமேன்னு." பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "இப்ப ஆளே இல்லாமப் போகுது" என்றாள்.

 

5

விருந்துக்கு கொரீன் வருகிறாள். மெக்கென்னா பழைய பெயர்களையெல்லாம் தேடி எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தாள், வாசலோடு போனவர்களையும் சேர்த்து. கொரீன் வெர்னாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "உள்ள எப்படி இருக்கும்னு கடைசியா ஒரு தடவ பாத்துடறேனே. நீதான் சுத்திக் காட்டணும்."

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: வெர்னா உண்மையை எழுதுகிறாள். கொரீன் விருந்து மேசையில் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறாள். கண்ணாடியைக் கழற்றி… [இதற்கு மேல் என்னால் போகமுடியவில்லை.]

இரண்டாவது: வெர்னா பழைய வரியையே எழுதுகிறாள். கொரீன் படித்துவிட்டு, தானாக விலகியதாகத் தன்னைப் பற்றி அச்சடித்திருப்பதைப் பார்த்து… [இதற்கும்.]

மூன்றாவது: கொரீனுக்கு முதலிலிருந்தே தெரியும், எப்போதோ மன்னித்துவிட்டாள். எழுதி முடித்ததும் எனக்கே சுகமாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். யார் கையைச் சுத்தம் செய்யவும் கொரீன் இந்தக் கதைக்கு வரவில்லை.

6

நேற்று வெர்னா 1967ஆம் ஆண்டுக்கான தாளைக் கொண்டுவந்தாள். பென்சிலில் இரண்டு வாக்கியங்கள்.

"நீயே ஒண்ணை வெச்சுக்க. எதுன்னு எங்கிட்டச் சொல்லாத. விருந்துல எல்லாரோட சேந்து படிச்சுக்கறேன்."

"வெர்னா, இதை நான் எப்படிங்க…"

"அப்ப யாரு செய்வா?" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக் காலை அச்சுக்குப் போகவேண்டும். என்னால் ஆகவில்லை. உங்களிடம் தருகிறேன். கீழே இருக்கும் இரண்டில் ஒன்றை அடித்துவிடுங்கள்.

செல்வி கொரீன் தம் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்.

கொரீனைத் தள்ளியது நான், அவளுடைய அக்கா.

பயப்பட வேண்டாம். எதை அடித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியிலும் அப்படித்தான்.