நிரூபா பாதியில் விட்ட வீடு

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. என் மனைவி நிரூபா, வீட்டுப் பரிசோதகர் லைசென்சுக்கான செய்முறைப் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "இதை எழுதுங்கோ. உங்கடை கற்பனை ஒண்டும் சேர்க்காமல் எழுதுங்கோ."

கற்பனை சேர்க்காவிட்டால் கதாசிரியன் எதற்கு? சரி.

(லைசென்ஸ் என்பதே பிழையான சொல். கனடாவின் ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு அரசாங்க லைசென்ஸ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சட்டத்தை நிறைவேற்றிவிட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு சங்கம் கொடுக்கும் சான்றிதழைத்தான் எங்கள் வீட்டில் லைசென்ஸ் என்கிறோம். இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு பாடு.)

2.

முதல் தொடக்கம்: ரெக்ஸ்டேலில் பனி மெல்ல இறங்கிய ஒரு காலையில், கையில் ரோச் லைற்றுடன் ஒரு பெண்...

"எங்கை பனி பெய்தது? வெறும் குளிர்" என்றாள் நிரூபா.

இரண்டாவது: வீடுகளும் மனிதர்களைப்போல... (இதை நானே வெட்டினேன்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கென்று சங்கம் யாராவது ஒருவரின் வீட்டைக் கேட்டு எடுக்கும். குறித்த நேரத்துக்குள் கூரையிலிருந்து நிலத்துக்குக் கீழேயிருக்கும் பேஸ்மென்ற் வரை பார்த்துக் குறைகளைச் சொல்லவேண்டும். பரீட்சகர் பின்னாலேயே நடந்து புள்ளி போடுவார். அன்றைய வீடு ஸ்ரீதரன் என்பவருடையது. பரீட்சகர் மாக்கஸ்.

நிரூபா பேஸ்மென்றில் தொடங்கினாள். அங்கே துஷானி என்ற இளம்பெண் கைக்குழந்தையுடன் வாடகைக்கு இருந்தாள்; கட்டிலிலிருந்து எழும்பவில்லை.

"தலையிடி அக்கா. இவனும் காலமை தொடக்கம் நித்திரையாவே கிடக்கிறான்."

சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். அதன் புகைக்குழாய் பொருத்து விட்டுக் கழன்று தொங்கியது. வெளியே போகவேண்டிய நச்சுவாயு, மணமே இல்லாமல், அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

நிரூபா ஃபேர்னஸை நிறுத்தினாள். "கோட்டைப் போடும். கதைக்க நேரமில்லை, வெளியிலை வாரும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்; கோட்டைத் தேடாமல் துஷானியும் பின்னாலே வந்தாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. அம்புலன்சும் வந்தது. மேல்வீட்டிலிருந்த ஸ்ரீதரனையும் வெளியே இறக்கினார்கள். அவர் வாசலில் நின்று கத்தினார்.

"தங்கச்சி, நீர் சோதினைக்குத்தானே வந்தனீர்? அதைச் செய்துபோட்டுப் போறதுதானே! இனிச் சிற்றிக்காரன் வந்து, வாடகைக்கு விடேலாது எண்டு பேஸ்மென்றைப் பூட்டப்போறான்."

"அண்ணை, அந்தப் பிள்ளையைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். தடிமன் காய்ச்சலாக்கும் எண்டு நினைச்சன்." அதன்பிறகு அவர் கத்தவில்லை.

3.

மாக்கஸை வில்லனாக்கப் பலமுறை முயன்றேன். மனிதர் இடம் தருகிறாரில்லை. 911ஐ அழைத்தவர் அவர். தன் ஜக்கெற்றைக் கழற்றித் துஷானிக்குப் போர்த்தியவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் தேறிவிட்டார்கள் என்று விசாரித்துச் சொன்னதும் அவர்தான்.

பிறகு அதே மனிதர், நீர் செய்தது முற்றிலும் சரி, ஆனால் பார்க்காத கூரைக்கு நான் எப்படிப் புள்ளி போடுவது என்று கேட்டு, பரீட்சை முற்றுப்பெறவில்லை, தோல்வி என்று எழுதினார்.

"அந்த ஆளிலை எனக்குக் கோவம் இல்லை. அதுதான் கூடக் கோவம் வருது" என்றாள் நிரூபா. இந்த வசனத்தை என்னால் திருத்த முடியவில்லை.

4.

முடிவு அ: சங்கம் மனம் மாறிச் சான்றிதழை வீட்டுக்கு அனுப்புகிறது. (நிரூபா சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.)

முடிவு ஆ: ஸ்ரீதரன் பழக்கூடையோடு வந்து... (அவர் வரவில்லை.)

முடிவு இ எழுதிக்கொண்டிருக்கும்போது நிரூபாவின் போன் அடித்தது. துஷானி. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினெட்டாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற் கிடைத்திருக்கிறதாம்.

"அக்கா, சைன் வைக்கமுதல் நீங்கள் ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

"எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை, துஷானி. சோதினை பெயில்."

"அதை ஆர் அக்கா கேட்டது?"

நிரூபா விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஏணியைத் தேடினாள். பதினெட்டாம் மாடி அப்பார்ட்மென்றுக்கு ஏணி எதற்கு என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

மறுபரீட்சை அடுத்த மாதம். அதன் முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல எழுத நான் தயாரில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கூரையை மறக்காதீர்கள். நிரூபா காருக்குள் இருந்து ஹோர்ன் அடிக்கிறாள், ஏணியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணுமாம், நான்