உடைக்காமல் விட்ட கண்ணாடித் தகடு

செவ்வாய்க்கிழமை காலை உணவகத்துக்குப் போகும் வழியில் லூயி கிம் டோங் சீனர் பேட்டையின் கிளே தெரு முனையில் நின்றுவிட்டார். யிப்பின் புகைப்படக் கடைச் சன்னலில் பதினைந்து பழைய படங்கள் தொங்கின. கழிவுக் குழாய் மாற்றப் பின்சுவரை உடைத்தபோது ஒரு பெட்டி நிறைய, அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் கிடைத்தனவாம். யிப்பின் அப்பா எடுத்தவை. யிப் அவற்றிலிருந்து படம் போட்டு மாட்டியிருந்தார். தெருவே கூடிநின்று, இது இன்னார் மாமா, அது எரிந்துபோன மூலிகைக் கடை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாவது படத்தில் கிம் டோங் இருந்தார், பதினான்கு வயதில், வாடகைப் பட்டுச் சட்டையில். நடுவில் அப்பா நாற்காலியில் அமர்ந்திருந்தார். அந்தப் பக்கம் அண்ணன். கீழே பழைய கையெழுத்தில்: மோய் குடும்பம், தந்தையும் இரு மகன்களும், 1923.

அரசாங்கக் காகிதத்தில் அவர் மோய் இல்லை, லூயி. கூலிக்காரரான அப்பாவால் பிள்ளைகளைச் சட்டப்படி அழைத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவனைக் குடியுரிமை உள்ள லூயி ஒருவரின் மகனாகவும், மற்றவனை வாங் ஒருவரின் மகனாகவும் பொய்க் காகிதம் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். இருவரும் கரையேறியதும் ஒரே ஒரு படம் எடுத்து ஊரில் இருந்த அம்மாவுக்கு அனுப்பினார். தகட்டை உடைத்துவிடச் சொல்லி யிப்பின் அப்பாவிடம் காசும் கொடுத்தார். முப்பத்துநான்கு வருடங்களாக அண்ணனும் தம்பியும் தெருவில் பார்த்தால் வாங் ஐயா, லூயி ஐயா என்று தலையசைத்துப் போவதோடு சரி.

வியாழக்கிழமை குடியேற்ற அலுவலகத்தில் கிம் டோங்குக்கு விசாரணை. அதில் தேறினால், ஒன்பது வருடமாக ஹாங்காங்கில் காத்திருக்கும் மனைவி சாவ் லிங் அடுத்த மாதம் கப்பலேறுவாள். காகிதம் பொய் என்று தெரிந்தால் அவள் வரமாட்டாள், அவரும் இங்கே இருக்க முடியாது.

உள்ளே போய், அந்த ஏழாவது படத்தை எடுத்துவிடுங்கள் என்றார். யிப் ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள், பாதிப் பேரின் காகிதம் அப்படித்தான். படத்தைக் கழற்றியபடியே, "இதுலயே ஒரு பிரதி மளிகைக்கடை வாங் வாங்கிட்டுப் போனாரே, கடை திறந்ததுமே," என்றார்.

ஸ்டாக்டன் தெரு மளிகைக்கடையில் அண்ணன் உப்புமீனைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். கடையில் இரண்டு பெண்கள் நின்றார்கள். கிம் டோங் அவர்கள் போகும்வரை வேண்டாத முள்ளங்கியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"படம் எதுக்கு உங்களுக்கு?"

"என் பையன் கட்டிக்கப்போற பொண்ணு யார் வீட்டுப் பொண்ணு தெரியுமா?" என்றார் அண்ணன். "மோய் வீட்டுப் பொண்ணு."

கிம் டோங் முள்ளங்கியைக் கீழே வைத்தார். ஒரே குலப்பெயரில் பெண் எடுப்பது தங்கையைக் கட்டுவது மாதிரி. பையனோ தன்னை வாங் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்பா ஏன் மறுக்கிறார் என்று புரியாமல் ஒரு மாதமாகப் பேசுவதில்லை.

"வாயால சொன்னா நம்பமாட்டேங்கிறான். பொண்ணோட அப்பாகிட்டயும் காட்டியாகணும். நான் மறுத்தும் கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க."

பெண்ணின் அப்பாவை ஊருக்கே தெரியும். மோய் யூக் லாம், குடியேற்ற அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர். வியாழக்கிழமை கிம் டோங்குக்கும் அதிகாரிக்கும் நடுவில் உட்காரப்போகிறவர்.

"சாவ் லிங் வரட்டும். ஒரே மாசம். அப்புறம் யார்கிட்ட வேணாலும் காட்டுங்க."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம்டா."

கிம் டோங் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே," என்றார். கப்பலைவிட்டு இறங்கிய பிறகு அந்தச் சொல்லை அவர் வெளியில் சொன்னதே இல்லை.

அண்ணன் வாசலை ஒருமுறை பார்த்தார். மீன் நறுக்கும் கத்தரியைத் துடைத்து, படத்தை எடுத்து, தம்பி நின்ற பக்கத்தை மேலிருந்து கீழாக வெட்டினார். கீழே இருந்த எழுத்தில் மோய் குடும்பம் என்பதை மட்டும் விட்டு மீதியை வெட்டி, துண்டுகளை அடுப்பில் போட்டார். ஆனால் அப்பாவின் இடது கை வெட்டுக்கு அந்தப் பக்கம் நீண்டிருந்தது. யாரோ ஒருவரைத் தொட்டுக்கொண்டிருந்த கை, மணிக்கட்டோடு நின்றது.

"இவ்வளவுதான் என்னால முடியும்," என்றார்.

வியாழக்கிழமை காலை கிம் டோங் பாடத்தை மனசுக்குள் ஓட்டிப்பார்த்தார். சிறுவயதில் கப்பலில் மனப்பாடம் செய்து கடலில் எறிந்த சின்னப் புத்தகம் அது: லூயி வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், அரிசிப் பானை எங்கே, வாசலில் எத்தனை படி. சொந்த வீட்டுக்கு மூன்று படி. லூயி வீட்டுக்கு ஐந்து.

அறையில் மோய் யூக் லாம் மேசையோரமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மகளின் கல்யாணம் நேற்று இரவு நின்றுபோனது என்று தெருவெல்லாம் பேச்சு. காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

பெயர், ஊர், கிணறு, பானை. அதிகாரி கேட்க அவர் மொழிபெயர்த்தார், கிம் டோங் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். அடுத்த கேள்வியை அதிகாரி ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் கேட்டார். மோய் அதை அதிகாரிக்குப் புரியாத ஊர்ப் பேச்சான தாய்ஷானில் சொல்ல நேரம் பிடித்தது, குரல் மட்டும் மாறவேயில்லை.

"வெட்டுறதுக்கு முன்னாடியே நான் அந்தப் படத்தைச் சன்னல்ல முழுசா பாத்துட்டேன். என் பொண்ணுக்கு நடக்க இருந்ததை உங்க அண்ணன் தடுத்தாரு. கண்ணாடி இன்னும் யிப்கிட்டதான் இருக்கு, இன்னைக்கே உடைக்கச் சொல்லுங்க. சரி, உங்க வீட்டு வாசல்ல எத்தனை படி?"

அதிகாரி பேனாவைத் தாள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவுக்குப் போன படம் போரில் ஊரோடு எரிந்துவிட்டது. அந்தக் கண்ணாடியை விட்டால் அப்பாவின் முகம் வேறெங்கும் இல்லை.

"அஞ்சு," என்றார் கிம் டோங்.