சவுனாவில் வேகவைத்த பிளைவுட்

இரண்டாவது பிளைவுட்டும் முறிந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. மார்லீன் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு கராஜுக்கு ஓடினாள். ஓடிப் போய்ப் பார்க்க அங்கே புதிதாக ஒன்றும் இல்லை, போன வாரம் பார்த்த அதே காட்சிதான். சக்கரங்களின் மேல் கூரையில்லாமல் நிற்கும் வண்டி. அதன் முன்வளைவில் பாதி தூரம் பணிந்து வந்து, பிறகு நட்டநடுவில் முறிந்துபோன பலகை. பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி அவள் புருஷன் ரோலண்ட்.

"போச்சு," என்றான்.

"தெரியுது."

"வெந்நீர்ல துண்டு நனைச்சுப் போட்டு ஊறவெச்சுத்தான் வளைச்சேன். அப்பவும் போச்சு. இது கிறுக்குப் பிடிச்ச வளைவு, மார்."

"வளைவை வரைஞ்சது நீதானே?"

"அதான் சொல்றேன்," என்றான் ரோலண்ட், அதில் ஏதோ நியாயம் இருப்பது போல.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வண்டி அது. கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்த மாதிரி முன்னால் குண்டாகவும் பின்னால் சரிந்தும் இருக்கும். உள்ளே இருவர் படுக்கலாம், அவ்வளவுதான். உட்கார்ந்தால் தலை இடிக்கும். பின்கதவைத் தூக்கினால் ஓர் அடுப்பும் நாலு பாத்திரமும் வைக்க இடம். அந்த வண்டியை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு தேவாலயம் கட்டியிருக்கலாம் என்று ஊரில் பேச்சு.

பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சாயங்காலமே மார்லீன் சொல்லிவிட்டாள்: "இனிமே ஒரு குளிர்காலம்கூட நான் பனி அள்ளப் போறதில்ல. அரிசோனாவுக்குப் போறோம். பாலைவனத்துல போய் உக்காந்துக்கறோம்." சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் வாழ்கிற எல்லோரும் வருடத்துக்கொரு தடவை சொல்கிற வசனம்தான். ஆனால் அவள் நிஜமாகவே சொன்னாள். வாசலிலும் கூரையிலும் முப்பது வருடம் பனி அள்ளி அவள் தோள்பட்டை தேய்ந்திருந்தது. ரோலண்ட் அன்று ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, "வண்டி ஒண்ணு செய்யலாம்," என்றான். ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறிய அந்த வம்சத்தில் ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு சொன்னாலே கல்யாணச் சம்மதம் மாதிரி. அவள் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

முதல் வருடம் அச்சு சரியில்லை என்று திரும்பக் கொடுத்தான். அடுத்த வருடம் பக்கச் சுவர்களை வெட்டிவிட்டு, ஒரு சுவர் நூலளவு பெரிதாக இருக்கிறதென்று இரண்டையும் தூக்கிப் போட்டான். நூலளவு என்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அளவு. யாரும் சந்தேகப்படவில்லை. ஹான்காக் ஊர்ப் பட்டறையில் காலமெல்லாம் கதவும் சமையலறை அலமாரியும் செய்தவன். அவன் மாட்டிய கதவு எதுவும் இன்றுவரை முனகியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு வேலையை இழுத்தால் சுத்தத்துக்காக இழுக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். மார்லீனும் அப்படித்தான் நினைத்து, அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுத் தொலைத்தாள்.

இந்த வருடம் மிச்சமிருந்தது கூரை. மெல்லிய பிளைவுட்டைச் சுவருக்குச் சுவர் போட்டிருக்கும் குறுக்குக் கட்டைகளின் மேல் வளைத்துப் படுக்க வைக்க வேண்டும். படுத்துவிட்டால் வண்டி. படுக்காவிட்டால் பெட்டி.

"கிரீன் பே பக்கம் வளையறதுக்குன்னே ஒரு பலகை விக்கிறான்," என்றான் ரோலண்ட், முறிந்த துண்டைச் சுவரோரம் சாத்திக்கொண்டே. "நவம்பர் கடைசியில, நன்றித் திருநாள் முடிஞ்சுதான் வருமாம். அடுத்த வசந்தத்துல நிதானமாப் பாத்துக்கலாம்."

வசந்தமாம், வசந்தம். மார்லீன் ஜன்னல் வழியே பார்த்தாள். மேப்பிள் மரங்கள் மொட்டையாகிவிட்டன. ஏரியிலிருந்து வரும் காற்றில் உலோக வாசனை. எந்த நாளும் பனி விழலாம். விழுந்துவிட்டால் ஊரைவிட்டு இறங்கும் மலைச்சாலையில் வண்டியை மாட்டிக்கொண்டு யாரும் போக முடியாது. இந்த வருடமும் போகவில்லையென்றால் இனி எப்போதும் போகப்போவதில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

"இன்னும் ரெண்டு பலகை இருக்குல்ல? சவுனாவுல வெச்சு ஆவி காட்டினா என்ன?" முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரக்கொட்டகை அது, அடுப்பின் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் உட்கார்ந்து வேர்ப்பதற்கு.

ரோலண்ட் அவளை, நாயைக் குளிப்பாட்ட ஞானஸ்நானத் தொட்டியைக் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "சவுனாவுலயா? பலகையையா?"

"மனுஷன் வேகறான். பலகை வேகாதா?"

"அங்க சத்தம் போட்டுப் பேசவே கூடாதுன்னு வளந்தவங்க நாம. அங்க கொண்டுபோய் பிளைவுட்டை வைப்பாங்களா? பசை விட்டு, அடுக்கு அடுக்காப் பிரிஞ்சுடும். வேண்டாம் மார். தொடாதே."

அதோடு பேச்சு முடிந்தது. சனிக்கிழமை விடிந்ததும் அவன் மான் வேட்டைக் குடிலுக்குப் போய்விட்டான். வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன் குடிலின் புகைபோக்கியைச் சரிசெய்ய வேண்டுமாம். அந்தக் குடிலில் எந்த வேலையும் அவன் கையில் இப்படி இழுத்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவுக்கு வருவது பக்கத்து வீட்டு டோரீனின் வழக்கம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது குழந்தைகளை அதட்டிய தொண்டை. கையில் ஏலக்காய் ரொட்டியோடு வந்தவள், சவுனாவின் மேல்பலகையில் அவளுக்கு முன்பே ஒரு பிளைவுட் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"இது யாருடி புது விருந்தாளி?"

"தள்ளி உக்காரு. அதுக்கு இன்னும் வேர்க்கல."

"ரோலண்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இன்னும் ஒரு கரண்டி தண்ணி ஊத்து," என்று டோரீன் துண்டைக் கட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்லின் மேல் தண்ணீர் விழ விழ ஆவி எழும்பியது. இரண்டு பெண்களும் ஒரு பிளைவுட்டும் வெந்தார்கள். இனித் தாங்காது என்ற கட்டத்தில் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, துண்டோடு, செருப்போடு, ஆவி பறக்க முற்றத்தைக் கடந்து ஓடினார்கள். நடுவில் பலகை தொட்டில் மாதிரி தொய்ந்தது. டோரீன் வேகமாக நெருங்கியபோது இன்னும் தொய்ந்தது.

"பாத்தியா, எப்படிக் கொழையுது! சவுனா வேலை செய்யுதுடி!"

கராஜின் பக்கக் கதவு குறுகல். பலகையைச் செங்குத்தாகத் தூக்கி நுழைத்து, உள்ளே போய்ப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்துப் பிடித்தார்கள். சதுரப் பலகை, எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவு. ஆனால் இப்போது அது தொய்யவில்லை. மேஜை மாதிரி விறைப்பாக நின்றது.

மார்லீன் நின்றுவிட்டாள்.

"என்னடி? நடடி. எனக்கு இருக்கறது இந்த ஒரு துண்டுதான்."

"கால் சுத்து திருப்பு."

"என்ன?"

"திருப்பேன், டோரீன்."

திருப்பினார்கள். தொய்ந்தது. இன்னொரு கால் சுற்றுத் திருப்பினார்கள். விறைத்தது. மார்லீன் பலகையைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் காய்ந்தபடி இருந்த கடைசிப் பலகையை எடுத்தாள். அதற்கு ஆவியும் இல்லை, வெந்நீரும் இல்லை. ஒரு பக்கம் பிடித்தால் லகுவாக வளைந்தது. மறுபக்கம் பிடித்தால் மாட்டேன் என்றது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. ரேகை வண்டியின் குறுக்கே ஓடினால் பலகை பணிகிறது, நீளவாக்கில் ஓடினால் முறிகிறது. சுவரோரம் சாத்தியிருந்த முறிந்த பலகைகளில் ரோலண்டின் ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. அந்தத் துளைகளை வைத்துப் பார்த்தால், இரண்டிலும் ரேகை நீளவாக்கில்தான் ஓடியிருந்தது.

டோரீனும் பார்த்தாள். அவள் மக்கு இல்லை.

"மறந்திருப்பான்டி," என்றாள் மெதுவாக.

"கோடையில உன் வீட்டுல பிளைவுட்டை வளைச்சு மேடை செஞ்சானே. எத்தனை பலகை முறிஞ்சுது?"

டோரீன் துண்டின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். ஒன்றுகூட முறியவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சரியான பக்கம் திருப்பிப் பலகையை வண்டியின் மேல் வைத்தார்கள். முன் விளிம்பில் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மேலே இறுக்குப் பட்டையைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். பலகை ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவின் மேல் படுத்தது. குறுக்குக் கட்டைகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு படுத்தது. காய்ந்த பிறகு கழற்றிப் பசை தடவி ஒட்டினால் கூரை.

"இவ்வளவுதானா?" என்றாள் மார்லீன். மூன்று வருடத்தில் அவளுக்கு நிஜமாக வலித்தது அந்த நொடியில்தான்.

ரோலண்ட் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புகை வாசனையோடு திரும்பினான். சாமான்களை வைக்க கராஜுக்குப் போனவன் வெளியே வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து மார்லீன் பார்த்தாள். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். முன்வளைவை விரல்முட்டியால் தட்டினான். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி நின்றான். உள்ளே வந்தபோது தொப்பியைக் கழற்றவில்லை.

"யாரு வளைச்சது?"

"நானும் டோரீனும்."

"நல்லா வந்திருக்கு."

"சவுனா சூடா இருக்கு. போய் உக்காரு. நானும் வரேன்."

சமையலறையில் கேட்டிருந்தால் அவள் தட்டை உடைத்திருப்பாள், அவன் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பான். சவுனாவில் குரல் உயர்த்த முடியாது. எழுந்து போகவும் முடியாது. சூடு தாங்காமல் ஓடினான் என்ற பெயர் ஒரு ஃபின்லாந்துக்காரனுக்குப் பெண்டாட்டியிடம்கூட வேண்டாம். இருவரும் மேல்பலகையில் பக்கம் பக்கமாக, துணியில்லாமல், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி அடங்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

"தெரிஞ்சேதான் திருப்பிப் போட்டியா?"

ரோலண்ட் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்தான்.

"ஆமா," என்றான்.

"அச்சும்?"

"அச்சு நல்ல அச்சுதான்."

"சுவரு?"

"சுவரும்."

அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். தேவைக்கு அதிகமாகவே ஊற்றினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு இங்கேருந்து போகப் புடிக்கல மார். அந்த வெயில்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? கள்ளிச்செடிக்குக் கதவு மாட்டுவேனா? நவம்பர்ல நான் குடில்ல இருக்கணும். பனி விழணும். எனக்கு இதான் புடிக்குது."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்வளவு ஆசையா சொன்னே. வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா நீயும் போகமாட்டே. போகாம உக்காந்துகிட்டு ஒவ்வொரு பனிக்கும் என்னைப் பாப்பே." தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "பலகையை ஒடைக்கறது சுலபமா இருந்துச்சு," என்றான்.

மார்லீன் அடுப்புக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு ஏதோ.

"நான் போகமாட்டேன்னு யாரு சொன்னா உனக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீ வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூணு வருஷத்துக்கு முன்னாடியே கூடாரத்தைக் கட்டிக்கிட்டு நான் மட்டும் போயிருப்பேன், ரோலண்ட். உனக்காகத்தான் வண்டியே. தரையில படுத்தா உன் முதுகு தாங்காதேன்னு."

சூடு தணியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் அவள் எழுவதற்கு முன்பே கராஜில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வளைத்த பலகையைக் கழற்றி, பசை தடவி, மறுபடி படுக்க வைத்து ஒட்டினான். மிச்ச வளைவுக்குக் கடைசிப் பலகையைப் போட்டான். டோரீன் வீட்டு வேலையில் மிஞ்சிக் கிடந்த பலகையை எடுத்து வந்து, அதன்மேல் இரண்டாம் அடுக்காக வெளிக்கூரையை வளைத்தான். எதுவும் முறியவில்லை. கிரீன் பேயிலிருந்து ஒன்றும் வர வேண்டியிருக்கவில்லை. அலுமினியத் தகடு ஏறியது. பக்கக் கதவு மாட்டினான், அது முனகவில்லை. பின்கதவு இரண்டு விரலால் தூக்கினால் எழுந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி வைக்க, தலைமாட்டில், அவள் படுக்கிற பக்கமாக ஒரு சின்ன மாடம்கூட வைத்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்றான். வேலை செய்யும்போது சீட்டி அடித்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் இப்படி ஓடியாடி எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று அவளிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கும் சந்தோஷம்தான். கராஜ் வாசலில் காபியோடு நின்று, தான் தனியாகப் போகப்போகிற வண்டிக்கு அவன் அடிக்கும் சீட்டியைக் கேட்டபோது மட்டும் அதைக் குடிக்க மறந்தாள்.

"வெள்ளிக்கிழமை பனி விழும்ங்கறாங்க," என்றான் ரோலண்ட், வண்டிக்கு அடியிலிருந்து. "அதுக்குள்ள விளக்கு மாட்டி முடிச்சிடுவேன்." சீட்டி தொடர்ந்தது.

"அப்ப நான் வியாழக்கிழமை கெளம்பறேன்."

சீட்டி நின்றது. அவன் யோசிக்கிறான் என்று நினைத்து அவள் காத்திருந்தாள்.

"புதன்கிழமையே முடிச்சிடலாம்," என்றான்.