முன் படம்

கண்ணாடிக் கடையில் எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர். லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தால், மெஷின்தான் ஆள் மாதிரி தெரியுமாம். தொப்பை உள்ளவன் அதைக் கரைக்க அலைவான். முதுகோடு ஒட்டிய வயிற்றை வைத்துக்கொண்டு சிக்ஸ் பேக்குக்கு அலைந்த கிறுக்கன் நான் ஒருவன்தான்.

தங்கியிருப்பது அக்கா வீட்டில். அத்தான் ஜிம் மாஸ்டர். சொந்தமாக ஒரு ஜிம் திறக்கப்போகிற மிதப்பில், ஒருநாள் என் தோளைத் தட்டினார்.

"மச்சான், உன் வயித்துல கட்டு வரவச்சுக் காட்டறேன். ஜிம் வாசல்ல உன் படம்தான்."

அத்தான் சொன்னால் எனக்கு வேதவாக்கு. கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அரைத் தட்டுச் சாப்பாடு, முட்டை கிடையாது. வயிற்றுப் பயிற்சி மட்டும் இடுப்பெலும்புத் தோல் உரியும்வரை. டம்பெல் பக்கம் போனால், "அதெல்லாம் அப்புறம், முதல்ல வயிறு கரையட்டும்" என்பார். சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னால் அக்கா பாத்திரத்தை நகர்த்திவிடுவாள். "அத்தான் திட்டுவாருடா." பாவம், அவளுக்கும் கஷ்டமாக இருக்கும் என்று நான்தான் அவளைத் தேற்றுவேன். கடையில் தலைசுற்றி இரண்டு லென்ஸை உடைத்தேன்.

போன வாரம் படம் எடுத்தார். "தோளைத் தொங்கப் போடு. மூச்ச விட்டுடு. முகம் வேணாம், வயிறு தெரிஞ்சா போதும்." இதெல்லாம் தொழில் நுணுக்கம் போல என்று நம்பி நின்றேன்.

திறப்பு நாளன்று கடை ஆட்கள் மொத்தப் பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை. 'பயிற்சிக்குப் பின்' என்று போட்டு, சிக்ஸ் பேக்கோடு அத்தானே சிரித்தார். 'பயிற்சிக்கு முன்' என்று போட்டு, தலையில்லாமல் ஒரு எலும்புக்கூடு. அதன் வயிற்றில் என் குடல்வால் ஆபரேஷன் தழும்பு.

"இதுல நீ எங்கடா?" என்றார் கடை முதலாளி.

"இன்னும் மாட்டல போல" என்றேன். கை தானாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது.

உள்ளே, புதிதாகச் சேர்ந்த பெண் பயிற்சியாளரிடம் என் பத்தியத்தைச் சொல்லி, சரிதானா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருங்க உங்களப் பட்டினி போட்டது? ஒல்லியா இருக்கறவங்களுக்குக் கரைக்க என்ன இருக்கு? நல்லா சாப்பிட்டு வெயிட் தூக்கணும். தசை வந்தாத்தானே கட்டு தெரியும்!"

அத்தானைத் தனியாக இழுத்துக் கேட்டேன். அவருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை.

"உன் தலைதான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகுது? குடும்பத்துக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

குழந்தைக்குக் காய்ச்சல் என்று அக்கா திறப்புக்கு வரவில்லை. இதைக் கேட்டால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். எனக்காகப் பேச அவளாவது இருக்கிறாள் என்று வீட்டுக்கு ஓடினேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டை வைத்தாள். தட்டு நிறையச் சாப்பாடு, மேலே இரண்டு முட்டை.

"உக்காருடா. எலும்பு தெரிஞ்சாத்தான் முன் படம் எடுபடும்னு அவர்தான் பிடிவாதமா இருந்தாரு. இனிமே வயிறார சாப்பிடு, படம்தான் எடுத்தாச்சே."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.