கை தூக்கினால் ஓய்வு

ஆபீஸில் எனக்குப் புயல் என்று பெயர். அவ்வளவு வேகமாகப் பட்டன் அமுக்குவேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

வேலை சின்னதுதான். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் எங்கள் கம்பெனி கேமரா மாட்டியிருக்கும். யாராவது தரையில் கிடந்தால் மெஷினே பார்த்து முடிவெடுக்கும். அதற்குக் குழப்பம் வந்தால் மட்டும் படம் எங்களிடம் வரும். ஒரே ஒரு படம், அதுவும் முகத்தை மறைத்து. பார்த்துவிட்டு ‘விழுந்தார்’ அல்லது ‘ஓய்வு’ என்று அமுக்க வேண்டும். விழுந்தார் என்றால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். ஓய்வு என்றால் பிள்ளைகளின் போனுக்கு ஆறுதலாக ஒரு மெசேஜ் போகும்.

ஆரம்பத்தில் சந்தேகம் வந்தாலே விழுந்தார் என்று அமுக்கித் தள்ளினோம். தரையில் ஹாயாகப் படுத்து டிவி பார்த்தவர் வீட்டுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் போய் நின்றது. பிள்ளைகள் போன் போட்டு மேனேஜரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். மீட்டிங்கில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான்தான் சொன்னேன்.

“சார், கை மேல இருந்தா ஓய்வுன்னு வச்சுக்கலாமே? விழுந்து கிடக்கிறவன் கையத் தூக்கிட்டா கிடப்பான்? கொசு அடிப்பான், சோம்பல் முறிப்பான்...”

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அது விதியாகிவிட்டது. எனக்குக் கைதட்டல் வேறு.

அப்பா வீட்டில் கேமரா மாட்டியதும் நான்தான். அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். “என்னை வேவு பாக்க எவனோ ஒருத்தனா?” என்று முறுக்கிக்கொண்டார். “எவனோ இல்லப்பா, அந்தப் பக்கம் நான்தானே உக்காந்திருக்கேன்” என்று சரிக்கட்டினேன். அது பொய். எங்கள் ஊர்ப் படம் எங்களுக்கு வராது, வேறு ஊர் ஆபீஸுக்குத்தான் போகும். ஆனால் அப்பா உடனே சமாதானமாகிவிட்டார்.

நேற்று காலை அந்த ஊர் ஆபீஸில் கரண்ட் போய்விட்டதாம். அவர்களுடைய படமெல்லாம் எங்கள் தலையில் வந்து விழுந்தது. நான் பக்கத்துச் சீட்டு அக்காவிடம் அவள் நாத்தனார் கதையைக் கேட்டுக்கொண்டே அமுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலோரம் ஒரு மனிதர், கை மேலே. ஓய்வு. கொஞ்ச நேரம் கழித்து அதே மனிதர் மறுபடியும் வந்தார்.

“இந்தத் தாத்தாவப் பாருக்கா, கொசு பிடுங்கித் தின்னுது போல” என்றேன். அக்கா சிரித்தாள். அமுக்கினேன்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் சற்று நகர்ந்திருந்தார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது. உடைந்த காலில் நீல ஒயர் சுற்றியிருந்தது. தூக்கிப் போடுங்கள் என்று நான் சண்டை போட்ட நாற்காலி. “ஒயர் கட்டினா இன்னும் பத்து வருஷம் உழைக்கும்” என்று அப்பா பிடிவாதமாகக் கட்டிய ஒயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்தார், விழுந்தார் என்று பட்டனைக் குத்தினேன். ‘முந்தைய இரண்டு முடிவுகளுக்கு இது முரணாக உள்ளது. மேனேஜர் அனுமதி தேவை’ என்றது திரை. முந்தைய இரண்டும் என்னுடையவை.

“அக்கா, அது எங்கப்பா!” என்று கத்தினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். “கை மேலதானடி இருக்கு” என்றாள். அவள்மேல் தப்பில்லை. அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியதே நான்.

மேனேஜர் அறை பூட்டியிருந்தது. எங்களுக்குப் போனை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. ஓடிப்போய் லாக்கரைத் திறந்து எடுத்தேன். ஆம்புலன்ஸுக்கு அடிக்கலாம் என்று பார்த்தால் திரையில் இரண்டு மெசேஜ். ‘உங்கள் அப்பா ஓய்வெடுக்கிறார். நிம்மதியாக இருங்கள்.’ இரண்டையும் நானே எனக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் காலி ரோடு. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். அப்பா கட்டிலோரம் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கை இன்னும் மேலே இருந்தது. மெத்தை விளிம்பில் முழங்கையை முட்டுக்கொடுத்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்திருந்தார்.

“வந்துட்டியா” என்றார். குரல் காற்றாக வந்தது. “சத்தம் போட முடியலம்மா. அதான் கை காட்டுனேன். நீ பாத்துட்டுத்தானே இருப்ப, எனக்கென்ன பயம்.”

நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கட்டையாக விறைத்துப் போயிருந்தது. அழக்கூட வரவில்லை. எவன் கையைத் தூக்குவான் என்று கேட்டேனே, எங்கப்பா தூக்குவார். நான் பார்ப்பேன் என்று நம்பித் தூக்குவார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் எதற்கோ சங்கடப்படுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும்போல அவரே எனக்கு ஒரு காரணம் தேடிக் கொடுத்தார்.

“மொத தடவை காட்டுனப்பவே கிளம்பியிருப்ப. ரோட்டுல ரொம்பக் கூட்டமாம்மா?”

“ஆமாப்பா” என்றேன். “பயங்கரக் கூட்டம்.”

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குள் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. என்ன மெசேஜ் என்று எனக்குத் தெரியும்.