பதினைந்து நிமிட நுரை

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ‘மிளகாய்’ என்று பெயர். வைத்தவர், அங்கே சோதனைக் குழாய் கழுவும் அண்ணன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்தான், மறுக்கவில்லை. அன்று காலை மட்டும் கோபம் போன இடம் தெரியவில்லை, பயம்தான் இருந்தது. மேஜையில் இருந்த பனிக்குட நீர் என் தங்கச்சியுடையது.

அவளுக்கு முப்பத்து மூன்றாவது வாரம். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளையை எடுத்தால் அவள் தப்பிப்பாள். ஆனால் நுரையீரல் முதிராத பிள்ளை வெளியே வந்து மூச்சுக்குத் திணறும். முதல் பிள்ளை அப்படித்தான் ஆறு மணி நேரத்தில் போய்விட்டான்.

“நுரையீரல் தயார்னு நீ சொன்னா இப்பவே ஆபரேஷன். இல்லைன்னா அது முதிர ஊசி போட்டு ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

சோதனை எளிது. பனிக்குட நீரோடு ஆல்கஹால் சேர்த்துக் குலுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் குழாயின் ஓரம் முழுக்க நுரை வளையமாக நின்றால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது. குலுக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

நுரை நின்றது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. போன் போட்டுச் சொன்னேன். தங்கச்சியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

“பாத்தீங்களாண்ணே, குழாய் சுத்தமா இருந்தா ரிசல்ட்டும் சுத்தமா வரும்,” என்று பீற்றிக்கொண்டேன். அவர் கழுவிய குழாய்களில் கறை இருக்கிறது என்று முந்தின நாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஒரு வரிசையை நானே மறுபடி கழுவியிருந்தேன். சோதனைக்கு எடுத்ததும் அதில் ஒரு குழாயைத்தான்.

“அது சரி மிளகாய், அவ்வளவு சோப்பு போட்டியே, எத்தனை தண்ணில அலசின?”

“ரெண்டு.”

“ரெண்டா? நான் பத்துத் தண்ணி விடுவேனேம்மா.”

அதே வரிசையில் இன்னொரு குழாயை எடுத்து, வெறும் உப்புநீரும் ஆல்கஹாலும் ஊற்றிக் குலுக்கினேன். நுரை உடனே அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. நான் பார்த்துச் சந்தோஷப்பட்டது சோப்பு நுரை.

தியேட்டரில் போனை யாரும் எடுக்கவில்லை. மூன்று மாடி ஏறி ஓடினேன். கடவுளே, கத்தி வைத்துவிடக் கூடாது, கத்தி வைத்துவிடக் கூடாது என்று வாய் விட்டே சொல்லிக்கொண்டு ஓடினேன். கதவைத் தள்ளியபோது டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க டாக்டர். குழாய்ல சோப்பு இருந்திருக்கு. தப்பு என்மேலதான்.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிச்ச நீரை அண்ணன் கழுவிய குழாயில் ஊற்றிச் சோதித்தேன். பதினைந்து நிமிடம் தேவைப்படவில்லை, ஒரே நிமிடத்தில் குமிழியெல்லாம் உடைந்துபோயிற்று. பிள்ளை தயாரில்லை.

டாக்டரம்மா நுரையீரலுக்கான ஊசியைப் போட்டார். “ரெண்டு நாள் தள்ளணும். அதுக்குள்ள பிரஷர் எகிறினா, பிள்ளை எப்படி இருந்தாலும் எடுத்துடுவேன். எனக்குத் தாய் முக்கியம்.”

தங்கச்சியை வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். முகமெல்லாம் வீக்கம். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு நாள்தானேக்கா? நான் தாங்கிடுவேன்ல?”

அதுவரை பிள்ளைக்காகப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இவளுக்காகப் பயந்தேன். பிரஷர் மெஷின் அவள் கையை இறுக்கிவிட்டுத் தளர்ந்தது. காலையில் நூற்று அறுபது. இப்போது நூற்று எழுபத்தெட்டு.

“தாங்கிடுவடி,” என்றேன். எண் அவள் கண்ணில் படாதபடி நகர்ந்து நின்று, நர்ஸைக் கூப்பிட்டேன்.